முக்காலி ஜெயித்த வகுப்பு

“பார்வைப் பரிசு குடுங்க!”

கதவைத் திறந்ததும் துமார் இப்படித்தான் கேட்டாள். கேட்கவே கூடாது என்று அம்மா அவளுக்குச் சொல்லிவைத்திருந்ததும் இதைத்தான்.

வாசலில் மூன்று பேர் நின்றார்கள். தலைமை ஆசிரியர் ஷெர்மாத்தின் கையில் பளபளப்பான தாள் சுற்றிய அட்டைப்பெட்டி இருந்தது. பக்கத்தில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சிவப்புப் பலூனைப் பிடித்துக்கொண்டு, பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டிருந்தாள். பின்னால் குல்சாரா டீச்சர். அவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“துமார்!” உள்ளேயிருந்து அம்மா சரிபாவின் குரல் வந்தது. தலையில் குட்டு விழுந்ததுபோல இருந்தது.

நரின் என்ற அந்த மலையூரில் புதிதான எதையும் முதன்முதலாகப் பார்ப்பவர் ஏதாவது கொடுத்தாக வேண்டும். பிறந்த குழந்தையைப் பார்த்தால் கொடுக்க வேண்டும். புது மருமகளின் முகத்தைப் பார்த்தால் கொடுக்க வேண்டும். புதுக் கோட்டு, புதுக் கன்றுக்குட்டி என்றாலும் அப்படித்தான். ஒரு மிட்டாய்கூடப் போதும். வெறுங்கையோடு பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

போன வசந்தத்தில் துமாருக்குப் புதுக் காலிபர் வந்தது. இடது காலின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, குறுக்கே தோல் வார்கள். அந்தக் கால் பிறந்ததிலிருந்தே பலவீனம். காலிபர் போட்டால் நடக்கலாம். மெதுவாகத்தான், ‘டக் டக்’ என்ற சத்தத்தோடுதான். ஆனாலும் நடக்கலாம்.

புதியது ஆயிற்றே! துமார் தங்கள் கீழ்த்தள வீட்டுக்கு வெளியே, குடியிருப்பின் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, ஏறி இறங்கிய எல்லாரிடமும் பார்வைப் பரிசு கேட்டாள். மூன்றாம் மாடி மாமா ஓர் ஆப்பிள் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். அன்றைக்குத்தான் அம்மா சொன்னாள்:

“சந்தோஷமான விஷயத்துக்குத்தாண்டி அதைக் கேக்கணும். இதுக்கில்ல.”

“புதுசுதானேம்மா?”

“புதுசுதான். அதுக்காக? இனிமே யார்கிட்டயும் கேக்காதே. எனக்கு உயிரே போகுது.”

இன்றைக்கு மறுபடியும் கேட்டுவிட்டாள்.

“பார்வைப் பரிசா?” ஷெர்மாத் சார் வயிறு குலுங்கச் சிரித்தார். “எதுக்கும்மா? வீட்டுல புதுசா என்ன வந்திருக்கு?”

“நான்தான் சார்,” என்றாள் துமார். “நான் மூணாம் வகுப்பு. என் வகுப்புல ஒருத்தர்கூட இதுவரைக்கும் என்னைப் பாத்ததில்ல. இவதான் முதல்ல பாக்கறா. அப்போ இவளுக்கு நான் புதுசுதானே?”

பலூன் வைத்திருந்த சிறுமி துமாரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கோட்டுப் பையைத் துழாவி, பாதி கடித்த மிட்டாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

“இதுதான் இருக்கு,” என்றாள்.

“பரவாயில்ல,” என்று துமார் வாங்கிக்கொண்டாள்.

“நானும் குடுத்துட்டேனே!” ஷெர்மாத் சார் பெட்டியை நீட்டினார்.

“இது டிசம்பர் பெட்டி சார். வருஷா வருஷம் வரும். இது கணக்குல வராது.”

அம்மா ஓடிவந்து துமாரைப் பின்னால் இழுத்துவிட்டு, “உள்ள வாங்க சார், உள்ள வாங்க. சின்னப் பிள்ளை பேச்சு, மனசுல வெச்சுக்காதீங்க,” என்றாள்.

துமார் சொன்னது தப்பே இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான நாள் வரும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் துமாரின் ஞாபகம் வரும். ஒரு பெட்டி வரும். ஒரு படம் எடுப்பார்கள். அடுத்த நாள் மறந்துவிடும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒன்றாம் வகுப்பு தொடங்கிய நாளில், அம்மா துமாருக்குத் தலையில் பெரிய வெள்ளை ரிப்பன் கட்டி, கையில் பூங்கொத்து கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். ஷெர்மாத் சார் பூங்கொத்தை வாங்கிக்கொண்டார். துமாரை வாங்கிக்கொள்ளவில்லை. “படிக்கட்டு இருக்கு, பசங்க ஓடுவாங்க, தள்ளிவிட்டுடுவாங்க. நீங்க ஏன் கஷ்டப்படணும்? டீச்சரை வீட்டுக்கே அனுப்பறேன்,” என்றார்.

அப்படித்தான் துமார் வீட்டில் படிக்கிற பிள்ளை ஆனாள். குல்சாரா டீச்சர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். ஒரு மணி நேரப் பாடம். அதில் பாதி நேரம் தேநீருக்குப் போய்விடும்.

மீதி நாட்களில் துமாரே வகுப்பை நடத்தினாள். வகுப்பு என்றால் ஆள் வேண்டுமே? சமையலறை முக்காலிக்குத் தன் பழைய ஸ்வெட்டரைப் போட்டுவிட்டாள். அதற்குக் கானத் என்று பெயர். தினமும் வருகைப் பதிவு எடுத்தாள். கானத் பதில் சொல்ல மாட்டான். “கானத், வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று திட்டுவாள்.

ஒருநாள் வகுப்பில் பேசியதற்காகத் தன்னையே வெளியே அனுப்பிக்கொண்டாள். அம்மா வேலை முடிந்து வந்தபோது துமார் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“இங்க ஏண்டி நிக்கறே?”

“தண்டனை. டீச்சர் உள்ள வரச் சொல்லலை.”

“எந்த டீச்சர்?”

“நான்தான்.”

“அப்போ நீயே உள்ள வரச் சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிம்மா சொல்றது? டீச்சர் உள்ள இருக்காங்க, நான் வெளிய இருக்கேன்.”

பிறகு வகுப்புத் தலைவர் தேர்தல் வந்தது. துமாருக்கும் கானத்துக்கும் போட்டி. ஓட்டுப் போட ஒரே ஆள்தான் இருந்தாள். தனக்குத் தானே ஓட்டுப் போடுவது மரியாதை இல்லை என்று துமார் நினைத்தாள். முக்காலி ஜெயித்துவிட்டது. அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூட முக்காலியிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் அவள் குல்சாரா டீச்சரிடம் சொல்வாள். அவளுக்குத் தெரிந்து பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற ஒரே ஆள் அவர்தானே? டீச்சர் விழுந்து விழுந்து சிரிப்பார். துமாருக்கு அது பிடிக்கும்.

இன்று எல்லாரும் தாழ்வான மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா தேநீர் ஊற்றினாள். ஷெர்மாத் சார் பெட்டியைத் துமாரின் மடியில் வைத்து, அவளுடைய காலிபர் நன்றாகத் தெரிகிற மாதிரி கொஞ்சம் திருப்பி உட்கார வைத்தார்.

“குல்சாரா, எடுக்கறியா? சரி. துமார், அந்தத் தேர்தல் கதையைச் சொல்லு.”

துமார் நிமிர்ந்து பார்த்தாள். “எந்தத் தேர்தல் சார்?”

“அதாம்மா, முக்காலி ஜெயிச்சதே! போன வாரம் ஒரு விருந்துல சொன்னேன். ஒருத்தர் சிரிச்ச சிரிப்புல சூப்பைத் துப்பிட்டார். மாடிப்படிக் கதையையும் சொல்லு. அது இன்னும் நல்லா இருக்கும்.”

துமார் குல்சாரா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கைப்பேசித் திரையைப் பார்த்தார்.

“அது வகுப்புக்குள்ள நடந்தது டீச்சர்,” என்றாள் துமார். “வெளிய சொல்லக் கூடாது.”

“அட, தமாஷ்தானே கண்ணு? எல்லாருக்கும் உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு.”

அந்த எல்லாரும் அவளைப் பார்த்ததே இல்லை. ஊரே அவளை நினைத்துச் சிரித்திருக்கிறது. ஒரு பிள்ளை ஏன் முக்காலியோடு படிக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

“துமார், பலகாரத் தட்டை எடுத்துட்டு வா,” என்றாள் அம்மா அவசரமாக.

துமார் எழுந்தாள். பலூன் சிறுமியும் கூடவே சமையலறைக்கு வந்தாள். அவள் பெயர் அக்மரால்.

“நீ நிஜமாவே முக்காலிக்கு ஓட்டுப் போட்டியா?”

“ஆமா.”

“லூசு. எங்க வகுப்புல நான் எனக்குத்தான் போட்டேன். கையைத் தூக்கச் சொன்னாங்க, நான் ரெண்டு கையையும் தூக்கிட்டேன்.”

“அப்புறம் யாரு ஜெயிச்சாங்க?”

“நான்தான். ரெண்டு கை தூக்கினதை யாரும் பாக்கலையே.”

அக்மரால் முக்காலியைச் சுற்றிவந்து பார்த்தாள். அதன் ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தாள்.

“உனக்குச் சண்டை போடணும்னா யாரோட போடுவே?”

துமார் யோசித்தாள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

“யாரோடயும் இல்ல. இவன் சண்டைக்கு வர மாட்டான்.”

“ஐயே,” என்றாள் அக்மரால். அவள் சிரிக்கவில்லை. “என் பெஞ்சுல ஒரு இடம் காலியா இருக்கு. ஜன்னல் பக்கம். குளிரும். ஆனா சண்டை போடலாம்.”

துமார் தட்டை அப்படியே வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். டக், டக், டக்.

“சார், நான் பள்ளிக்கூடம் வரணும்.”

அம்மா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

ஷெர்மாத் சார் மிக அன்பாகச் சிரித்தார். மறுக்கப் போகிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. “வரலாம்மா, வரலாம். ஆனா மூணாம் வகுப்பு மாடியில இருக்கே. எத்தனை படிக்கட்டு தெரியுமா? உனக்கு ஏன் அந்தக் கஷ்டம்? வீடு கதகதப்பா இருக்கு, டீச்சர் தேடி வர்றாங்க. பாக்கப் போனா மத்தப் பிள்ளைங்கதான் உன்னைப் பாத்துப் பொறாமைப்படணும்.”

“சார், நாங்கதான் இப்போ கீழ இருக்கோமே,” என்றாள் அக்மரால். அவள் பலகாரத் தட்டை எடுத்து வந்திருந்தாள். வாயில் ஒரு பலகாரமும் இருந்தது. “மேல ரூமைச் சூடாக்கற வெந்நீர்க் குழாய் வெடிச்சு எல்லாம் தண்ணி ஆயிடுச்சு. இப்போ சாப்பாட்டு ரூம் பக்கத்துலதான் எங்க வகுப்பு.”

அக்மரால் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அது தற்காலிகம்,” என்றார் ஷெர்மாத் சார்.

“எதுவரைக்கும் சார்?” என்று கேட்டாள் துமார்.

“குழாயைச் சரி பண்ற வரைக்கும். அநேகமா வசந்தம் வரைக்கும்.”

“அப்போ நானும் தற்காலிகமா வர்றேன்.”

குல்சாரா டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார் முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“இங்க பாரும்மா. நீ கீழ விழுந்துட்டா யாரு பொறுப்பு?”

“அக்மரால் விழுந்தா யாரு பொறுப்பு?”

“அக்மரால் எதுக்கு விழப் போறா?”

“நேத்துகூட விழுந்தேன் சார்,” என்றாள் அக்மரால். “ரெண்டு தடவை.”

“நீ வாயை மூடு!” ஷெர்மாத் சாரின் முகத்திலிருந்த அன்பு காணாமல் போய்விட்டது. உடனே அதைத் தேடிப்பிடித்து மறுபடி மாட்டிக்கொண்டார். “பாப்போம். புத்தாண்டு முடியட்டும். குழு கூடணும், டாக்டர் பாக்கணும். பாப்போம்.”

பெரியவர்கள் இரண்டு தடவை ‘பாப்போம்’ என்றால் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். இது உங்களுக்கும் தெரியும். துமாருக்கும் தெரியும்.

“கதை வேண்டாம், விடு. கேமராவைப் பாத்து நன்றின்னு மட்டும் சொல்லு. எங்களுக்கு நேரமாச்சு,” என்றார் சார்.

அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். துமார் கேமராவைப் பார்த்தாள்.

“பெட்டிக்கு நன்றி. என் பேரு துமார். மூணாம் வகுப்பு. எனக்கு நடக்கத் தெரியும்.”

“கடைசி வரியை வெட்டிடு, குல்சாரா,” என்று சொல்லிவிட்டு ஷெர்மாத் சார் எழுந்தார்.

அவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது துமார் அக்மராலின் கையைப் பிடித்தாள். “காலைல இந்தப் பக்கமாத்தான் போவியா?”

“ஆமா. ஆனா உனக்காக நிக்க மாட்டேன். குளிர் காதைப் பிச்சுடும். மணி அடிச்சா வாசக்கதவையும் பூட்டிடுவாங்க.” அக்மரால் கொஞ்சம் யோசித்தாள். “பூட்டறதுக்குள்ள நீ வந்துட்டா உள்ள போயிடலாம்.”

கதவு சாத்தியதும் அம்மா கிண்ணங்களை அள்ளிக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தாள். கிண்ணங்கள் உடைந்துவிடும் போல் சத்தம் கேட்டது.

“அவரை எதிர்த்துப் பேசறியே! நாளைக்கு டீச்சரும் வர மாட்டேன்னுட்டா? இருக்கற ஒரு மணி நேரமும் போயிடும். உங்கப்பா ரஷ்யாவுல செங்கல் தூக்கறார். நான் ரொட்டிக்கடைல வேகறேன். உன்னை யாரு படிக்க வைப்பா?”

துமார் பெட்டியைத் திறந்தாள். சாக்லேட், ஒரு கரடி பொம்மை, நான்கு வயதுக் குழந்தைகள் வண்ணம் தீட்டுகிற புத்தகம். போன வருடமும் இதே கரடிதான்.

“அம்மா, நீயும் முக்காலி கதையைச் சொன்னியா? ரொட்டிக்கடைல?”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவின் கை நின்றுவிட்டது.

“சொன்னேன்.”

“சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க.”

“நீ?”

“நானும்தான் சிரிச்சேன்,” என்றாள் அம்மா. அவள் திரும்பவில்லை. “சிரிக்காம வேற என்னடி பண்ணச் சொல்றே?”

துமாருக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மாவின் முதுகைப் பார்த்ததும் அதை அம்மாமேல் காட்டத் தோன்றவில்லை. துண்டை எடுத்துக் கிண்ணங்களைத் துடைத்து அடுக்கினாள்.

“நல்ல கதைதான்மா,” என்றாள். “எனக்குத்தான் அலுத்துப்போச்சு.”

மறுநாள் அம்மா கண்விழித்தபோது வெளியே இன்னும் இருட்டாக இருந்தது. முன்னறையில் விளக்கு எரிந்தது. துமார் தரையில் உட்கார்ந்து காலிபரின் வார்களை இறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு ஸ்வெட்டர், கோட்டு, முதுகில் பை.

“எங்கடி கிளம்பிட்டே?”

“பள்ளிக்கூடத்துக்கு.”

“பைத்தியமா உனக்கு? இன்னும் விடியவே இல்ல!”

“எல்லாரும் கிளம்பறப்போ நானும் கிளம்பினா மணி அடிச்சப்புறம்தான் போய்ச் சேருவேன். நான் மெதுவா நடக்கறவ. அதான் சீக்கிரமே கிளம்பறேன். ரெண்டு தெருதானே?”

“உள்ள விடலைன்னா?”

“வாசல்லயே நிப்பேன். எல்லாப் பசங்களும் அந்த வழியாத்தானே வரணும்? என்னைப் பாப்பாங்க. மத்தியானம் வீட்டுக்கு வந்துடுவேன். நாளைக்கு மறுபடி போவேன்.”

“விழுந்துட்டா?”

“எழுந்துப்பேன். அதுல எனக்கு உன்னைவிடப் பழக்கம் ஜாஸ்தி.”

அம்மா தன் கோட்டைத் தேடினாள். “இரு, நானும் வர்றேன். நான் பேசறேன் அவர்கிட்ட.”

“வேண்டாம்மா. நீ வந்தா அவர் உன்கிட்டதான் பேசுவார். உன்னைப் பேசவே விடாம அனுப்பிடுவார். நான் தனியா நின்னா என்கிட்டதான் பேசியாகணும்.”

அம்மா கோட்டைப் பிடித்தபடியே நின்றாள். கோட்டை ஆணியில் திரும்ப மாட்டினாள். தன் கம்பளிச் சால்வையை எடுத்து, துமாரின் தலையையும் காதையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அதற்குமேல் கட்ட ஒன்றும் இல்லை.

“என் குதிரைக்குட்டி,” என்றாள். “இன்னிக்கு குல்சாரா டீச்சர் இங்க வர்ற நாளாச்சே. வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?”

துமார் கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது.

“துமார் வகுப்புல இருக்கான்னு சொல்லும்மா,” என்று சொல்லிவிட்டு அவள் பனியில் இறங்கி நடந்தாள்.